அவள் ஆசை எங்கிருந்து வருகிறது? இயல்புவாத நாவலில் நாயகியும் கடைவீதியும்

1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். 18 வயதுப் பெண் ஒருத்தி சிகாகோ போகும் ரயிலில் ஏறுகிறாள். கையில் ஒரு சின்ன டிரங்குப் பெட்டி, முதலைத்தோல் போலத் தோன்றும் மலிவான பை, காகித டப்பாவில் கொஞ்சம் சாப்பாடு, மஞ்சள் தோல் பர்ஸ். பர்ஸுக்குள் பயணச்சீட்டு, அக்காவின் முகவரி எழுதிய துண்டுத்தாள், 4 டாலர். அமெரிக்க எழுத்தாளர் தியோடர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ நாவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பெண்ணின் மூக்கும் முழியும் எப்படி என்று சொல்வதற்கு முன்பாகவே அவளிடம் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று டிரைசர் கணக்குக் கொடுத்துவிடுகிறார்.

இயல்புவாதம் என்று சொல்லப்படும் நாவல் வகைக்குள் முதன்முறை நுழைகிறவர் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நாயகி எதைப் பார்க்கிறாள், அதன் விலை என்ன, அவள் கையில் எவ்வளவு இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் அவளுடைய ஆசை உருவாகிறது. ஊரிலிருந்து அவள் அதை மூட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை.

சரி, இயல்புவாதம் என்றால் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய நாவலில் யதார்த்தவாதம் காலூன்றிவிட்டது. உள்ளதை உள்ளபடி எழுது, ராஜகுமாரிகளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார் என்பது அதன் போக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவுக்கு அது போதவில்லை. கிளாட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர் மருத்துவத்தில் பரிசோதனை முறையைப் பற்றி 1865இல் ஒரு நூல் எழுதியிருந்தார். அதே முறையில் நாவலும் எழுதலாம் என்று 1880இல் ஜோலா ஒரு கட்டுரையில் வாதிட்டார். இன்ன பிறப்பும் இன்ன உடம்பும் கொண்ட ஒருவரை இன்ன சூழலில் கொண்டுபோய் வை. என்ன நடக்கிறது என்று பார். பார்த்ததை எழுது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

காகிதத்தில் நடக்கும் பரிசோதனைக்கு முடிவு எழுதுவதே எழுத்தாளர்தானே, அதில் என்ன பரிசோதனை என்று கேட்டால் ஜோலாவிடம் நல்ல பதில் கிடையாது. அறிவியல் என்று பார்த்தால் அது ஓட்டை வாதம். ஆனால் அந்த ஓட்டை வாதத்தின் புண்ணியத்தில் நாவலின் பார்வை இடம் மாறியது. ஒருத்தி வழிதவறினால் அவள் குணம் சரியில்லை என்று சொல்லி முடித்துக்கொள்வது பழைய கதைகளின் வழக்கம். இயல்புவாத நாவலாசிரியருக்கு அந்த வசதி இல்லை. அவள் வாங்கும் கூலி, தங்கும் அறை, போடும் செருப்பு, அடிக்கும் குளிர் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தாக வேண்டும்.

பார்க்கக் காசு வேண்டாம்

இந்தக் கணக்கெடுப்பு நடந்த காலத்தில்தான் நகரங்களில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் முளைத்தன. பாரிஸில் அரிஸ்டைட் பூசிகோ 1852இல் ‘பான் மார்ஷே’ என்ற கடையில் பங்குதாரராகச் சேர்ந்து அதைப் பிரம்மாண்டமாக வளர்த்தார். பொருளில் விலை எழுதியிருக்கும், பேரம் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வாங்காமலும் போகலாம். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

இதெல்லாம் இன்று நமக்குச் சாதாரணம். ஆனால் அதற்கு முன்பிருந்த கடைகளை யோசித்துப் பாருங்கள். என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவீர்கள், கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துக் காட்டுவார், விலை பேசுவீர்கள். தேவை முதலில், கடை அப்புறம். புதிய கடையில் வரிசை தலைகீழாகிவிட்டது. சும்மா சுற்றிப் பார்க்க உள்ளே போகிறீர்கள், வெளியே வரும்போது உங்களுக்கு ஏதோ ஒன்று தேவைப்பட ஆரம்பித்திருக்கிறது.

ஜோலா இந்தக் கடைகளை நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1883இல் ஒரு முழு நாவலையே கடைக்குள் நடத்தினார். ஆங்கிலத்தில் ‘லேடீஸ் பாரடைஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. வலோன் என்ற சிற்றூரிலிருந்து இரண்டு தம்பிகளோடு பாரிஸுக்கு வந்த டெனிஸ், பெரியப்பா வீட்டைத் தேடிப் போகும் வழியில் அந்தக் கடையின் கண்ணாடி முன்னால் நின்றுவிடுகிறாள். உள்ளே பட்டும் வெல்வெட்டும் உடுத்திய பெண் பொம்மைகள். பொம்மைகளுக்குத் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் விலை எழுதிய அட்டை. சுற்றியிருக்கும் நிலைக்கண்ணாடிகளில் அந்தப் பொம்மைகள் பலமடங்காகி, தெரு முழுக்க விற்பனைக்கு நிற்கும் பெண்களாகத் தெரிகின்றன.

கொஞ்சம் அப்பட்டமான படிமம்தான். ஜோலாவுக்கு எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தத் தெரியாது. ஆனாலும் இந்த வகை நாவல்கள் பின்னால் சொல்லப்போகும் விஷயம் இந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆசைப்படுகிறவள் ஒருநாள் அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கடையின் முதலாளி மூரே ஆசையை எப்படிப் பயிர் செய்கிறான் என்பதையும் ஜோலா விவரமாகக் காட்டுகிறார். ஒரு பட்டுத் துணியை நஷ்டத்துக்கு விற்று ஆளை உள்ளே இழுக்கிறான். குழந்தைகளுக்குக் கடையின் பெயர் போட்ட பலூன் கொடுக்கிறான், விளம்பரம் தெருத் தெருவாகப் பறக்கிறது. பெரிய விற்பனைக்கு முன்பு, பிரிவுகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கலைத்துப் போடச் சொல்கிறான். தேடி வந்ததைக் கண்டுபிடிக்க முடியாமல் கடை முழுக்க அலைந்தால்தான் தேடாததெல்லாம் கண்ணில் படும். இந்த வலையில் விழுகிறவள் மதாம் மார்ட்டி. அவள் புருஷன் ஒரு பள்ளி ஆசிரியர், அந்தச் சம்பளத்துக்குள் அவளுடைய ரிப்பனும் லேஸும் அடங்குவதில்லை. டெனிஸ் கடைசிவரை ஆசைக்கு அசையாமல் நின்று முதலாளியின் மனத்தையே வெல்கிறாள். என்னைக் கேட்டால் நாவலில் உயிரோடு இருப்பவள் மார்ட்டிதான். டெனிஸ் நல்ல பெண், அவ்வளவுதான்.

நாலரை டாலரின் கணக்கு

கேரியிடம் திரும்புவோம், இந்த விஷயம் முழுசாக விளைந்திருப்பது அங்கேதான். டிரைசர் 1871இல் இந்தியானா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், பத்திரிகையாளராக வேலை பார்த்தவர். கேரியின் கதைக்கு அடிப்படை அவருடைய சொந்த அக்கா எம்மாவின் வாழ்க்கை. வேலை பார்த்த இடத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஒருவரோடு அந்த அக்கா சிகாகோவிலிருந்து போய்விட்டார். அந்தக் காலத்து உபதேசக் கதைகளில் இப்படிப்பட்ட பெண் ஆற்றில் விழுந்து செத்திருப்பாள். டிரைசருக்கோ அவர் சொந்த வீட்டுப் பெண், அதனால் அவ்வளவு எளிதாக ஆற்றில் தள்ள முடியவில்லை போலும்.

கேரி சிகாகோவில் வேலை தேடி அலையும்போது ‘தி ஃபேர்’ என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் நுழைகிறாள். வேலை கேட்கத்தான் போகிறாள். ஆனால் உள்ளே செருப்பு, காலுறை, லேஸ், ரிப்பன், சீப்பு, பர்ஸ் என்று ஒவ்வொரு மேஜையும் அவளை இழுக்கிறது. ஒவ்வொரு பொருளும் தன்னையே குறிவைத்து உரிமை கொண்டாடுவது போல அவளுக்குப் படுகிறது. அதில் ஒன்றைக்கூட வாங்க அவளிடம் வழியில்லை. நன்றாக உடுத்திய பெண்கள் அவளை உரசிக்கொண்டு, அவள் அங்கே நிற்பதையே கவனிக்காமல் போகிறார்கள். கடையில் வேலை செய்யும் பெண்கள்கூட அவளைவிட நன்றாக உடுத்தியிருக்கிறார்கள். இது வேண்டும், அது வேண்டும் என்பதற்கு முன்னால் ‘நான் இப்படி இருக்கிறேனே’ என்பதைத்தான் கேரி அங்கே கற்றுக்கொள்கிறாள். கூச்சமும் ஆசையும் ஒரே நிமிஷத்தில் பிறக்கின்றன.

அவளுக்குக் கிடைக்கும் வேலை ஷூ தொழிற்சாலையில். ஆண்கள் ஷூவின் மேல்தோலில் கயிறு கோக்கும் ஓட்டைகளை எந்திரத்தில் போட வேண்டும், நாள் முழுக்க. வாரச் சம்பளம் நாலரை டாலர். அக்கா மின்னி வீட்டில் தங்கிச் சாப்பிட வாரம் 4 டாலர் கொடுக்க வேண்டும். அக்கா புருஷன் ஹான்சன் இறைச்சி ஏற்றும் குளிர்சாதன ரயில்பெட்டிகளைக் கழுவுகிறவர், வீடு கட்டும் கனவில் இரண்டு மனைகளுக்குத் தவணை கட்டுகிறவர், ஒரு காசு வீணாகப் போவது பிடிக்காது. மீதி அரை டாலர். டிராமுக்கும் துணிமணிக்கும் சந்தோஷத்துக்கும் அதுதான்.

இங்கே ஒரு குடை வருகிறது. மழைக்கு மின்னி இரவல் தந்த குடை மங்கிப்போன பழைய குடை, அதைப் பிடித்துக்கொண்டு போக கேரிக்குக் கூச்சம். ஒன்றேகால் டாலர் கொடுத்து ஒரு குடை வாங்கிவிடுகிறாள். மின்னி திட்டுகிறாள், இதென்ன முட்டாள்தனம் என்று. கேரிக்குக் கோபம் வருகிறது. நான் ஒன்றும் சாதாரண வேலைக்காரப் பெண்ணாகவே இருந்துவிடப் போவதில்லை என்று நினைத்துக்கொள்கிறாள். நாவலில் இது சின்ன இடம், அவசரமாகப் படித்தால் தாண்டிப் போய்விடும். ஆனால் இந்தக் குடையில்தான் நுகர்வு என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் தெரிகிறது. மழைக்கு மட்டும் என்றால் பழைய குடையே போதும். கேரி வாங்கியது, சாதாரண வேலைக்காரப் பெண்களில் நான் ஒருத்தி இல்லை என்று தெருவுக்குச் சொல்லும் குடை. மின்னிக்கு மழை புரிகிறது, அது புரியவில்லை.

குளிர்காலம் வருகிறது. நல்ல ஜாக்கெட் இல்லாமல் கேரிக்குக் காய்ச்சல் கண்டு, படுத்துவிட்டு எழுந்தால் வேலை போய்விட்டது. மறுபடி வேலை தேடித் திரியும்போது, ரயிலில் பழக்கமான ட்ரூவே எதிர்ப்படுகிறான். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் சேல்ஸ்மேன் அவன். சாப்பாடு வாங்கித் தருகிறான், 20 டாலரைக் கையில் திணிக்கிறான், இரண்டு பத்து டாலர் நோட்டு. பணத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்கிறார் டிரைசர்: மற்ற எல்லோரிடமும் இருக்கிறது, எனக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். பணம் கையில் இருக்கிறது, ஆனால் செலவழிக்க முடியாது. புது ஜாக்கெட்டோடு வீட்டுக்குப் போனால் அக்கா கேட்க மாட்டாளா, காசு ஏது என்று? கடைக்குப் போய், அந்தப் பருவத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டு திரிந்த, பெரிய முத்துச்சிப்பிப் பொத்தான் வைத்த பழுப்பு ஜாக்கெட்டை ஆசையோடு பார்த்து நின்றுவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறாள். திருப்பிக் கொடுக்கத்தான் ட்ரூவேயைச் சந்திக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, வா, போய் அந்த ஜாக்கெட்டை வாங்குவோம் என்கிறான். வாங்குகிறார்கள். ஜாக்கெட்டை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அதனால் அதை வைக்க ஓர் அறை வேண்டும். அறையை அவன் பிடித்துத் தருகிறான். அக்காவுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு கேரி கிளம்பிவிடுகிறாள்.

காதல் என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? வில்லன் யாரும் அவளைக் கடத்தவும் இல்லை. ஒரு ஜாக்கெட், அதற்கு ஓர் இடம். எந்தப் படியும் பெரிய படியாக இல்லை. ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால் தரை ரொம்பக் கீழே இருக்கிறது. சூழல் ஒரு பாத்திரத்தை உருவாக்குவது என்று இலக்கிய வகுப்பில் சொல்லும் பெரிய வார்த்தை, பக்கத்தில் வந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

பேசும் உடைகள்

ட்ரூவேயோடு குடியேறிய பிறகு கேரியின் மனசாட்சி அவ்வப்போது முனகுகிறது. அதற்குப் பதில் சொல்வது அவளுடைய உடைகள். ஆமாம், உடைகள் பேசுகின்றன. நான் உனக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறேன், என்னை விட்டுவிடாதே என்கிறது ஒரு லேஸ் காலர். எவ்வளவு சின்னப் பாதம், நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்கிறது புது ஷூவின் மெல்லிய தோல். பசியைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள், ஆனால் பழைய துணியில் ஏழையாகத் தெரிவதா, முடியவே முடியாது என்று டிரைசர் எழுதுகிறார்.

அவர் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கத்தில் இறங்குவார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவவாதியைப் படித்ததன் தாக்கம், மனிதன் விலங்குக்கும் பகுத்தறிவுக்கும் நடுவில் காற்றில் ஆடும் துரும்பு என்ற மாதிரி பத்தி பத்தியாக ஓடும். முதல் வாசிப்பில் அவற்றை வேகமாகக் கடந்துபோனால் குற்றமில்லை. அந்தப் பிரசங்கங்களில் இல்லாத தெளிவு இந்த லேஸ் காலரின் பேச்சில் இருக்கிறது. பின்னாளில் விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்த குரலை 1900இலேயே ஒரு நாவலாசிரியர் கேட்டுவிட்டார்.

ஆசை இன்னொரு வழியிலும் வருகிறது, பிறரைப் பார்த்து. தெருவில் போகும் ஒரு பெண்ணைக் காட்டி, எவ்வளவு அழகாக நடக்கிறாள் பார் என்கிறான் ட்ரூவே. கேரி வீட்டில் கண்ணாடி முன் அதே நடையைப் பழகுகிறாள். பக்கத்து வீட்டு மிஸஸ் ஹேலோடு வண்டியில் போய்ப் பணக்காரர்களின் மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்தால், முந்தைய நாள் வரை சொர்க்கமாக இருந்த மூன்று அறைகள் திடீரென்று சின்னதாகிவிடுகின்றன. ட்ரூவேயை விட்டு ஹர்ஸ்ட்வுட் என்பவனோடு நியூயார்க் போன பிறகு, மிஸஸ் வான்ஸோடு பிராட்வே வீதியில் ஒருநாள் நடக்கிறாள். எல்லோரும் எல்லோரையும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டு போகும் அந்தக் கூட்டத்தில் தன் உடை எடுபடவில்லை என்று தெரிந்ததும், நன்றாக உடுத்தாமல் இனி இங்கே வருவதில்லை என்று தீர்மானிக்கிறாள்.

நாவல் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1899இல், சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்த தோர்ஸ்டைன் வெப்லன் என்ற பொருளியலாளர் இதைத்தான் கோட்பாடாக எழுதினார். மக்கள் செலவு செய்வதில் பெரும்பகுதி பிறர் பார்ப்பதற்காக, ஒவ்வொரு தட்டிலும் இருப்பவர்கள் தமக்கு மேல் தட்டைப் பார்த்து நகலெடுக்கிறார்கள் என்றார் அவர். பிறர் கண்ணுக்காகச் செய்யும் ஆடம்பரம் என்ற அவருடைய கருத்து இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோட்பாட்டின் சதையும் ரத்தமும் கேரி.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேரிக்கு சுயபுத்தி கிடையாது, காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவள் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பார்த்ததை அப்படியே உடம்பில் ஏற்றிக்கொள்ளும் திறமைதான் அவளை நடிகையாக்குகிறது. சிகாகோவில் ஒரு பொழுதுபோக்கு நாடகத்தில் நடித்து எல்லோரையும் திகைக்க வைக்கிறாள். நியூயார்க்கில் வாரம் 12 டாலர் சம்பளத்துக்கு, மேடையில் கூட்டமாக ஆடிப் பாடும் கோரஸில் சேர்ந்து கடைசியில் வாரம் 150 டாலர் வாங்கும் நட்சத்திரமாகிறாள். ஆசைப்படுவது அவளுக்கு வெறும் பலவீனம் என்றால் அது இப்படிச் சம்பளமாக மாறியிருக்காது.

அவள் பெயர் பத்திரிகையில் வர ஆரம்பித்ததும் வெலிங்டன் என்ற ஹோட்டலிலிருந்து ஆள் வருகிறார். எங்கள் ஹோட்டலில் தங்குங்கள், வாடகை நீங்கள் பார்த்துக் கொடுப்பதுதான், உங்களைப் போன்றவர்கள் தங்குவது எங்களுக்கு நல்ல பெயர் என்கிறார். அறைவாடகைக்கு வழியில்லாமல் தவித்த பெண்ணின் பெயரே இப்போது அறைவாடகை. ஜோலாவின் பொம்மைகள் நின்ற இடத்துக்கு அவளும் வந்து சேர்ந்துவிட்டாள், சந்தோஷமாக, கொஞ்சமும் சந்தேகப்படாமல்.

அவளோடு நியூயார்க்குக்கு ஓடிவந்த ஹர்ஸ்ட்வுட் எதிர்த்திசையில் போகிறான். சிகாகோவில் ஆடம்பரமான மதுக்கூடத்தின் மேலாளர் அவன். முதலாளியின் பணப்பெட்டியிலிருந்து 10,000 டாலரை வெளியே எடுத்து, வைக்கலாமா வேண்டாமா என்று தடுமாறும்போது பெட்டி தானாகப் பூட்டிக்கொள்கிறது. திருடினானா, திருட வைக்கப்பட்டானா? டிரைசர் பதில் சொல்வதில்லை. அதற்கப்புறம் அவன் கையிருப்பு அத்தியாயத்துக்கு அத்தியாயம் குறைந்துகொண்டே வந்து, 15 சென்ட் வாடகை அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுச் சாவதில் முடிகிறது.

மற்ற நாயகிகள்

எல்லோருக்கும் கேரியின் அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஸ்டீபன் கிரேன் 1893இல் சொந்தச் செலவில், வேறு பெயரில் வெளியிட்ட ‘மேகி’ என்ற சிறு நாவலில் நாயகி நியூயார்க் சேரியில் வளர்ந்து, காலரும் கைப்பட்டையும் தைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். தம்பட்டம் அடித்துக்கொண்டு வரும் பீட் என்பவன்மீது அவளுக்கு மயக்கம். அவன் வீட்டுக்கு வருவான் என்று எதிர்பார்த்து, பூப்போட்ட துணி வாங்கி, பாடுபட்டுத் தைத்து, அடுப்புக்கு மேலிருக்கும் கோணல் மாடத்தில் தொங்கவிடுகிறாள். அவன் கண்ணில் அழகாகப் பட வேண்டும் என்பதற்காக அறையின் எல்லாப் பக்கத்திலும் நின்று பார்த்துச் சரிசெய்கிறாள். எதிர்பார்த்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவே இல்லை. அதற்கு அவள் கண்டுபிடிக்கும் காரணம்தான் கொடுமை: இந்த மாதிரித் துணிக்கெல்லாம் மயங்குகிற சாதாரண ஆளா அவர்! கேரிக்குக் கடை செய்ததை மேகிக்கு இந்த ஒரு முழத் துணி செய்துவிடுகிறது. தன் வீட்டைப் பார்த்து அவள் வெட்கப்பட ஆரம்பிக்கிறாள், வெளியே போனால் தேவலாம் என்று தோன்றுகிறது. வெளியே அவளுக்குக் காத்திருப்பது தெருவும் நதியும்.

பிராங்க் நாரிஸின் ‘மெக்டீக்’ நாவலில் வரும் டிரினா விநோதமானவள். லாட்டரியில் 5,000 டாலர் விழுகிறது, ஆனால் அதைக் கொண்டு ஒன்றும் வாங்க மாட்டாள். நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, படுக்கையில் பரப்பி அதன்மேல் படுத்துக்கொள்வாள். பொருள்மீது போக வேண்டிய ஆசை பணத்தின்மீதே போய் ஒட்டிக்கொண்டது. நுகர்வைப் பற்றிப் பேசும்போது இந்தக் கஞ்சத்தனத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

எடித் வார்ட்டனின் ‘ஹவுஸ் ஆஃப் மிர்த்’ 1905இல் வந்தது. லில்லி பார்ட் மேல்தட்டுப் பெண், சொந்தப் பணமில்லாதவள், அழகு ஒன்றே முதல். கல்யாணச் சந்தையில் நல்ல விலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தே வளர்க்கப்பட்டவள், ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுகிறாள். தொப்பிகளை அணிந்து பெயர் வாங்கிய அதே லில்லி, கடைசியில் தொப்பிக் கடையில் ஜிகினா தைக்கும் வேலைக்குப் போய், அதையும் சரியாகத் தைக்கத் தெரியாமல் திணறுகிறாள். எதை அணிய வேண்டும் என்று கற்றுத்தந்த உலகம் எதைச் செய்ய வேண்டும் என்று கற்றுத்தரவே இல்லை. வார்ட்டனை இயல்புவாதி என்று முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் லில்லியின் சரிவு அந்தப் பாதையில்தான் போகிறது.

அப்படியானால் அவள்மேல் தப்பே இல்லையா?

புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள். எல்லாம் சூழல் என்றால் பாத்திரத்துக்கு என்ன பொறுப்பு?

‘சிஸ்டர் கேரி’யின் ஆரம்பத்திலேயே டிரைசர் ஒரு விதி சொல்கிறார். 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும் பெண் நல்லவர் கையில் சேர்ந்து மேம்படுவாள், இல்லாவிட்டால் நகரத்தின் ஒழுக்கத்தை ஏற்றுக் கெட்டுப்போவாள். இரண்டில் ஒன்று. அதன்பிறகு 500 பக்கம் போல எழுதி, இரண்டும் நடக்காத கதையைச் சொல்கிறார். கேரி மேம்படவும் இல்லை, கெட்டுச் சீரழியவும் இல்லை. அவளுக்குத் தண்டனை கிடைக்கவில்லை, அவள் மனம் வருந்தித் திருந்தவும் இல்லை. ஆசைப்பட்டாள், கிடைத்தது, வேறொன்றுக்கு ஆசைப்பட்டாள்.

அந்தக் காலத்துப் பதிப்பாளருக்கு இதுதான் தொண்டையில் சிக்கியது. டபுள்டே நிறுவனத்தில் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பரிந்துரைத்தவர் மேலே சொன்ன பிராங்க் நாரிஸ்தான். ஆனால் நிறுவனத் தலைவருக்கு நாவல் பிடிக்கவில்லை. ஒப்பந்தம் போட்டாகிவிட்டதால் 1900இல் ஏறக்குறைய ஆயிரம் பிரதி அச்சிட்டார்கள், விளம்பரம் எதுவும் செய்யவில்லை. விற்றது 456. கெட்ட பெண்ணைப் பற்றிய கதையை அன்றைய வாசகர்கள் சகித்துக்கொள்வார்கள், கடைசியில் அவள் செத்தால் போதும். இந்தப் பெண் வால்டார்ஃப் ஹோட்டலில் உட்கார்ந்து பால்சாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைப் படிக்கிறாள்.

நுகர்வுக் கலாச்சாரத்தை டிரைசர் கண்டிக்கிறார் என்று பலர் படிக்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஏம்ஸ் என்ற பாத்திரம். நியூயார்க்கின் விலையுயர்ந்த உணவகம் ஒன்றில் அவன் கேரியிடம், மனிதர்கள் இதற்கெல்லாம் இவ்வளவு செலவழிப்பது வெட்கக்கேடு என்கிறான், நல்ல புத்தகங்களைப் படிக்கச் சொல்கிறான். ஆனால் அதற்கப்புறம் நடப்பதைப் பாருங்கள். கேரிக்கு இப்போது ஏம்ஸ் மதிக்கும் பெண்ணாக ஆக வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. ஜாக்கெட் இருந்த இடத்தில் புத்தகம், அவ்வளவுதான் மாற்றம். 1980களில் வால்டர் பென் மைக்கேல்ஸ் என்ற விமர்சகர் இதை இன்னும் கடுமையாகச் சொன்னார்: இந்த நாவல் முதலாளியப் பொருளாதாரத்தை எதிர்க்கவே இல்லை, தீராத ஆசையில் ஓடும் அந்தப் பொருளாதாரத்தின் தர்க்கமேதான் நாவலின் தர்க்கம், இதில் ஆசைப்படுவதுதான் உயிரோடிருப்பது. ஹர்ஸ்ட்வுட் சாவதற்கு ரொம்ப நாள் முன்பே எதற்கும் ஆசைப்படுவதை நிறுத்திவிட்டு, ஆடும் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிட்டதை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கென்னவோ டிரைசருக்கே இதில் தெளிவில்லை என்று தோன்றுகிறது. கடைக்கண்ணாடியைப் பார்த்துக் கேரி ஏங்கும்போது அவரும் பக்கத்தில் நின்று ஏங்குகிறார். அந்த ஏக்கம் இல்லாத ஓர் ஒழுக்கவாதி எழுதியிருந்தால் பழுப்பு ஜாக்கெட்டின் பொத்தான் என்ன பொத்தான் என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

படிக்க ஆரம்பிக்கிறவர்கள் ‘மேகி’யிலிருந்து தொடங்கலாம், இரண்டு மாலையில் முடிந்துவிடும். அதன்பிறகு ‘சிஸ்டர் கேரி’. வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1900ஆம் ஆண்டுப் பதிப்புக்காக டிரைசரும் மனைவியும் நண்பர் ஆர்தர் ஹென்றியும் சேர்ந்து நிறைய வெட்டியிருந்தார்கள், சுமார் 36,000 சொற்கள். 1981இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பதிப்பகம் கையெழுத்துப் பிரதியிலிருந்து அவற்றை மீட்டு வெளியிட்டது. இரண்டுக்கும் முடிவே வேறு. பழைய பதிப்பு, எல்லாம் கிடைத்தும் ஜன்னலோரம் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் எதற்கோ ஏங்கும் கேரியோடு முடிகிறது. மீட்ட பதிப்பு ஹர்ஸ்ட்வுட்டின் சாவோடு முடிகிறது. ஹர்ஸ்ட்வுட்டோடு முடிவது கலைரீதியாக இன்னும் இறுக்கமானது என்பார்கள். இந்தக் கட்டுரையின் விஷயத்துக்காகப் படிப்பதென்றால் நான் பழையதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், அதில் கடைசிப் பக்கம் வரை கணக்கு முடியவில்லை.